நூற்றுப்பத்து தொட்ட கார்டு

லிஃப்ட் கதவு மூடும்போது நடுவே கையை நீட்டிப் பார்க்கும் பழக்கம் எனக்கு உண்டு. ஆஸ்பத்திரி, மால், சொந்தக்காரர் வீட்டு அபார்ட்மெண்ட், எங்கே போனாலும் அப்படித்தான். கதவு என் கையைப் பார்த்துத் திரும்பிப் போனால்தான் ஏறுவேன். கூட வருகிறவர்கள் சிரிப்பார்கள். நான் பதில் சொல்வதில்லை. சொல்ல ஆரம்பித்தால் காக்ஸ் டவுன் கட்டடத்திலிருந்து தொடங்க வேண்டும். அவ்வளவு நீளமாக நான் மனைவியைத் தவிர யாரிடமும் பேசியதில்லை.

நான் லிஃப்ட் வேலைக்கு வந்தது என் மனைவியின் அண்ணனால். மச்சான் ஒரு சின்ன கம்பெனியில் மெக்கானிக். நான் அதற்கு முன்னால் சிமெண்ட் கடையில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தேன். முதுகு பிடித்துக்கொண்டு வீட்டில் படுத்துவிட்டபோது, "மூட்ட தூக்குனது போதும், என்கூட வா மாப்ள. ஸ்பேனர் தூக்குறதுக்கு முதுகு வேணாம்" என்று வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார். நான் நாலாம் வகுப்போடு நின்றவன். வயர் நுனிகளில் இருக்கும் நம்பரும் இங்கிலீஷ் எழுத்தும் பார்த்துப் பார்த்துப் பழகிவிட்டன. மச்சானுக்கு வேலை நன்றாகத் தெரியும். வாயும் நன்றாகத் தெரியும். கட்டடத்துக்காரர்களிடம் கன்னடம், வாட்ச்மேனிடம் இந்தி, என்னிடம் தமிழ் என்று மூன்று பக்கமும் ஒரே நேரத்தில் பேசுவார். நான் அவர் பின்னால் பையோடு நிற்பேன். எனக்கு அது வசதியாகத்தான் இருந்தது.

காக்ஸ் டவுனில் சர்ச்சுக்குப் பின்னால் இருக்கும் அந்த ஐந்து மாடிக் கட்டடம் எங்களுக்கு வழக்கமான இடம். என் மனைவிக்கும் அங்கேதான் வேலை. ஐந்தாவது மாடியில் பக்கவாதம் வந்த ஒரு ஐயாவைப் பார்த்துக்கொள்கிறாள். அந்த வேலையும் மச்சான் சொல்லிக் கிடைத்ததுதான். சாயங்காலம் ஆனால் ஐயாவைச் சக்கர நாற்காலியில் உட்கார வைத்து, லிஃப்டில் இறக்கி, கீழே வேப்பமரத்தடியில் கொஞ்ச நேரம் வைத்திருப்பாள். அவருக்கு இடது பக்கம் முழுக்க உணர்வு இல்லை. இடது கை நாற்காலியின் கைப்பிடியிலிருந்து நழுவி வெளியே தொங்கும். தொங்குவது அவருக்குத் தெரியாது. இவள் எடுத்து மடியில் வைப்பாள். கொஞ்ச நேரத்தில் மறுபடி நழுவும்.

அந்தக் கையைத்தான் நான் இரவும் பகலும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

கதவு மூட மாட்டேன் என்கிறது, மூடி மூடித் திறக்கிறது என்று அந்தக் கட்டடத்திலிருந்து ஒரு நாள் போன் வந்தது. போனோம். கதவின் இரண்டு ஓரத்திலும் ஆள் உயரத்துக்குக் கறுப்புப் பட்டை இருக்கும், அதுதான் சென்சார். நடுவில் கையோ காலோ வந்தால் மொட்டைமாடியில் இருக்கும் கார்டுக்கு, அதாவது லிஃப்டை ஓட்டும் சர்க்யூட் பலகைக்குச் சொல்லும். கார்டு கதவைத் திறக்கச் சொல்லும். பட்டையில் தூசி படிந்து கிடந்தது. நான் துணியால் துடைத்துவிட்டேன். அவ்வளவுதான் பழுது. ஆனால் மச்சான் மொட்டைமாடி மெஷின் ரூமில் இருந்தார். அவருக்கு சிக்னல் வருகிறதா என்று பார்க்க வேண்டும்.

அங்கே சுவரோடு ஒரு இரும்பு அலமாரி. அதற்குள்தான் கார்டு, பள்ளிக்கூட சிலேட்டு அளவில். கீழேயிருந்து வரும் வயர்கள் எல்லாம் அதன் ஓரத்தில் வரிசையாக வந்து முடியும். அந்த வரிசைக்கு இருபத்திநாலு வோல்ட். கார்டுக்குள் இருக்கும் சிப்புக்கு அதுவும் ஜாஸ்தி, அது குடிப்பது அஞ்சு வோல்ட்தான், நடுவில் குறைத்துக் குறைத்துக் கொடுப்பார்கள். பக்கத்து வரிசையில் பிரேக்குக்கும் கதவுப் பூட்டுக்கும் போகும் நூற்றுப்பத்து. இரண்டு வரிசைக்கும் நடுவே விரல் அகலம்கூட இல்லை.

சிக்னல் பார்க்க ஒருவர் கீழே போய்க் கதவில் கை வைக்க வேண்டும், ஒருவர் மேலே கார்டில் எரியும் பச்சை விளக்கைப் பார்க்க வேண்டும். யாரும் அப்படிச் செய்வதில்லை. எங்கள் ஆட்கள் எல்லோருடைய சட்டைப் பையிலும் இரண்டு முனையும் சீவின ஒரு துண்டு வயர் இருக்கும். டச் வயர் என்போம். ஒரு முனையை இருபத்திநாலில் வைத்து, மறுமுனையால் வேண்டிய இடத்தைத் தொட்டால், கீழே யாரோ கை நீட்டியது போலக் கார்டு நம்பிவிடும். ஏறி இறங்க வேண்டாம். பேனா வைத்திருப்பது போல அதைப் பையில் வைத்திருப்பார்கள்.

நான் துடைத்துவிட்டு மேலே ஏறிவந்தபோது மச்சான் தோளுக்கும் காதுக்கும் நடுவே போனை இடுக்கிக்கொண்டு அடுத்த கட்டடத்துக்காரரிடம் பேசிக்கொண்டிருந்தார். "பந்தே சார், பந்தே, ட்ராஃபிக்நல்லி இத்தீனி" என்று மெஷின் ரூமில் நின்றுகொண்டு ட்ராஃபிக்கில் இருப்பதாகச் சொல்லிக்கொண்டே வயரை வைத்தார். இருபத்திநாலில் இருக்க வேண்டிய முனை பக்கத்து நூற்றுப்பத்து வரிசையில் உட்கார்ந்தது.

சிட் என்று ஒரு சத்தம். பச்சை விளக்கு ஒரு நொடி வெள்ளையாக எரிந்து அணைந்தது. முடி கருகினது போல லேசான வாசனை.

மச்சான் வயரைப் பிடுங்கினார். போனை அணைத்தார். கார்டையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு வயரைச் சரியான இடத்தில் வைத்துத் தொட்டார். பச்சை விளக்கு எரிந்தது. எடுத்தார், அணைந்தது. என்னைக் கீழே அனுப்பினார். கதவில் கை நீட்டினேன், திறந்தது.

"பாத்தியா, ஒண்ணும் ஆவல" என்றார் நான் மேலே வந்ததும்.

"நூத்திப்பத்து போச்சே, மச்சான்."

"போச்சு. வந்துட்டு, பாத்துட்டு, போய்ட்ச்சு. கார்டு இன்னா கேக்குதா உன்ன? எரியுதுல்ல?"

"கம்பெனில சொல்லி..."

"இன்னான்னு சொல்லுவே? எங்க மச்சான் போன் பேசிக்கினே தப்பா டச் பண்ணாருன்னா? போன மாசம்தான் ஒரு மோட்டாருக்காக வாங்கிக் கட்டிக்கினேன். இன்னொண்ணுன்னா வீட்ல உக்கார வெச்சுருவான். பைய எடு."

பையை எடுத்தேன்.

என்னால் ஏன் அதை விட முடியவில்லை என்றால், வீட்டில் ஒரு செட்டாப் பாக்ஸ் கதை உண்டு. ஜோகுபாளையத்தில் எங்கள் வீட்டில் அடாப்டர் எல்லாம் ஒரே துணிக்கடைப் பையில் கிடக்கும். பழைய போனுடையது, கெட்டுப்போன ரேடியோவுடையது, யார் வீட்டுடையதோ. செட்டாப் பாக்ஸின் அடாப்டர் போனபோது என் மனைவி அந்தப் பையில் கைவிட்டு, ஓட்டைக்குள் பொருந்துகிற ஒன்றை எடுத்துச் செருகினாள். டிவி வந்தது. பொருந்தினால் சரி என்றுதான் எல்லோரும் நினைப்போம். சில வாரம் நன்றாக ஓடியது. பிறகு வெயில் ஏறினால் படம் உறையும், ராத்திரியில் சரியாகும், ஒரு நாள் சத்தம் மட்டும் வரும். ஒரு நாள் எதுவும் வரவில்லை. அந்த அடாப்டருக்கு வோல்ட் ஜாஸ்தி. செருகின அன்றைக்கே போயிருந்தால் புரிந்திருக்கும். அது சாகாமல் நடித்துக்கொண்டு இருந்தது.

யாரிடமாவது கேட்க வேண்டும் போல இருந்தது. எஸ்.பி. ரோட்டில் பழைய கார்டுகளும் சிப்புகளும் விற்கும் ஒரு பாய் கடைக்கு மச்சானோடு போயிருக்கிறேன். ஒரு மதியம் தனியாகப் போனேன். இரண்டு பேர் வாங்கிக்கொண்டு போகும்வரை ஓரமாக நின்றேன்.

"இன்னா வேணும்?"

"இருபத்திநாலு போற எடத்துல நூத்திப்பத்து போய்ட்டா இன்னா ஆவும், பாய்?"

"எதுல?"

"வீட்ல. செட்டாப் பாக்ஸ்ல."

அவர் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். "செட்டாப் பாக்ஸ்ல இருபத்திநாலு எங்கருந்து வந்துச்சு? பன்னெண்டு தானே?"

நான் தரையைப் பார்த்தேன்.

"சரி, ஏதோ ஒரு பாக்ஸ், விடு" என்று சிரித்தார். "ஒடனே செத்துச்சா?"

"இல்ல. வேல செய்யுது."

"அது தான் பேஜாரு. செத்துட்டா மாத்திடுவே, கத முடிஞ்சுது. சிப்பு உள்ள தோல் மாதிரி ஒண்ணு கீது, வெங்காயத்தோலவிட மெல்லிசு. ஜாஸ்தி வோல்டேஜ் வந்தா அதுல ஓட்ட உழும். ஓட்டையோடயே ஓடும். சூடா கீறப்போ ஒரு பேச்சு, ஆறுனா ஒரு பேச்சு. மீட்டர் வெச்சா யோக்கியன் மாதிரி நிக்கும்."

"எவ்ளோ நாளு தாங்கும்?"

"அது மேல இருக்கறவனுக்குத் தான் தெரியும். நாளைக்கே போலாம். உனக்கும் எனக்கும் அப்புறமும் இருக்கலாம். ஓட்டையே உழாமலும் இருக்கலாம், யாரு உள்ள போயிப் பாத்தா?" அடுத்த ஆள் வந்து நின்றுவிட்டார். சும்மா திரும்ப வெட்கமாக இருந்ததால், தேவையில்லாத ஒரு அடாப்டரை வாங்கிக்கொண்டு வந்தேன். அதுவும் அந்தப் பையில்தான் கிடக்கிறது.

அவர் சொன்னதில் கடைசி வார்த்தை மட்டும் ஆறுதலாக இருந்திருக்க வேண்டும். எனக்கு அதுதான் தூக்கத்தைக் கெடுத்தது. கெட்டுவிட்டது என்றால் சொல்லலாம். நன்றாக இருக்கிறது என்றால் மறக்கலாம். இரண்டுக்கும் நடுவில் எப்படி உட்காருவது?

வேலை இல்லாத நேரங்களில் அந்தக் கட்டடத்துக்குப் போக ஆரம்பித்தேன். மனைவியைக் கூப்பிட வந்தேன் என்பேன், மறந்த ஸ்பேனரை எடுக்க என்பேன். லிஃப்டில் ஏறி ஒவ்வொரு மாடியிலும் கதவு மூடும்போது கை நீட்டுவேன். திறக்கும். வெயில் நேரத்தில் போவேன், மெஷின் ரூம் தகரம் கொதிக்கும் நேரத்தில். திறக்கும். மழை விட்டதும் போவேன். திறக்கும். கடைசியில் வாட்ச்மேனுக்கே சந்தேகம் வந்துவிட்டது. "க்யோன் ஜீ, ஃபிர் ஆ கயே?" மறுபடியும் வந்துவிட்டீர்களா என்று கேட்டுவிட்டு, தன் நாற்காலியை லிஃப்டைப் பார்த்தபடி திருப்பிப் போட்டுக்கொண்டார். நான் எதையோ திருடப் பார்க்கிறேன் என்றே நினைத்திருப்பார்.

ஒரு மத்தியானம், மூன்றாவது மாடியில், கை நீட்டினேன். கதவு வந்துகொண்டே இருந்தது. என் மணிக்கட்டைத் தொட்டது, தொட்டு ஒரு அழுத்து அழுத்தியது, பிறகுதான் திறந்தது.

மறுபடி நீட்டினேன். சரியாகத் திறந்தது. மறுபடி. சரி. கை சலிக்கும்வரை நீட்டினேன். எல்லாம் சரி. அந்த ஒரு தடவை நான் கையைத் தாமதமாக நீட்டினேனா, பட்டைக்கு வெளியே நீட்டினேனா, அல்லது என் பயமே கதவாக வந்து தொட்டதா, இன்றுவரை எனக்குத் தெரியாது.

அன்று சாயங்காலம் வீட்டில் மனைவியிடம் சொன்னேன். நான் இவ்வளவு நீளமாகப் பேசுவதைப் பார்த்து அவள் வெங்காயம் நறுக்குவதை நிறுத்திவிட்டாள்.

"எங்கண்ணன் தப்பு பண்ணிட்டாருன்னு சொல்ற?"

"தப்புன்னு சொல்லல. கை தவறிட்ச்சு."

"அப்ப அவராண்ட சொல்லு. என்னாண்ட சொல்லி இன்னா பண்றது? நான் கதவாண்ட போயி நியாயம் கேக்கவா?"

"அதுவரைக்கும் ஐயாவ கீழ எறக்காத."

"அவரு நாள் பூரா அந்த மரத்துக்குத்தான்யா காத்துனு கீறாரு. நாலு மணிலேர்ந்து செருப்பையே பாப்பாரு. வேணாம்னு எப்படிச் சொல்றது?" பிறகு, கத்தியைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டாள்: "அந்தக் கதவு ஐயா கையப் புடிச்சா, இவரு கத்தக்கூட மாட்டாரே. வலிக்காதே இவருக்கு."

அதைத்தான் நான் சொல்லத் தெரியாமல் இருந்தேன்.

மச்சானுக்குப் போன் செய்தேன். முழுக்கக் கேட்டார். "மாப்ள, கதவுக்கு அவ்ளோ பலம் கெடையாது. இடிச்சா தானா திரும்பும்" என்றார். மற்ற இடங்களில் அது உண்மை. இந்தக் கட்டடத்தில் காற்றுக்குக் கதவு சரியாகச் சாத்தவில்லை என்று கதவு மோட்டாருக்குப் பலம் கூட்டி இறுக்கி வைத்தது நாங்கள்தான். அதைச் சொன்னேன். "உனக்கு இப்ப இன்னா, நான் வேலைய உட்டுப் போவணுமா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "அப்ப தூங்கு" என்று வைத்துவிட்டார்.

அடுத்த நாள் காலையில், மச்சான் வேறு பக்கம் போன நேரமாகப் பார்த்து, காக்ஸ் டவுன் போனேன். மெஷின் ரூம் சாவி ஒன்று எப்போதும் என்னிடமும் இருக்கும். மேலே போய் லிஃப்டை மேல் மாடியில் நிறுத்தி, ஆள் இல்லையென்று பார்த்து, மெயினை இறக்கி, ஃபியூஸைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். படியில் இறங்கி வந்து கட்டடத்துச் சங்கத்தின் செக்ரெட்டரி அம்மா வீட்டு மணியை அடித்தேன். அதற்கு முன் அவரிடம் நான் ஒரு வார்த்தை பேசினதில்லை. மச்சான் பேசுவார்.

"கார்டு போச்சும்மா" என்றேன்.

"ஹேகே? நின்னே சென்னாகித்தல்லா?" எப்படி, நேற்று நன்றாகத்தானே இருந்தது என்று கேட்டார்.

"மழைல மேடம். தானா போய்ட்ச்சு. வேற கார்டு போடணும், கம்பெனிக்கு நீங்களே போன் பண்ணுங்க."

தானாகப் போனது என்று மட்டும் இரண்டு தடவை சொன்னேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். வேர்த்துக்கொண்டிருந்தது. கெட்ட செய்தி சொல்லப் பயப்படுகிறான் என்று நினைத்தாரோ என்னவோ, தண்ணீர் கொடுத்தார்.

புது கார்டு வர மறுநாள் ஆனது. அதுவரை நான் அந்தப் படிக்கட்டை விட்டு அதிகம் நகரவில்லை. காய்கறிப் பையோடு ஏறினவர்கள் முணுமுணுத்தார்கள். கேஸ் சிலிண்டர்காரர் என்னைப் பெயர் சொல்லாமல் திட்டினார். என் மனைவி முட்டிவலியோடு ஏறி வந்தவள் என் பக்கத்துப் படியில் உட்கார்ந்து மூச்சு வாங்கினாள். "நல்லா கீது உன் வேல. ஐயா பால்கனில உக்காந்து மரத்த மேலேர்ந்து பாத்துனு கீறாரு. நான் பாவியாட்டம் நிக்கிறேன்." எழுந்து போகும்போது என் சட்டைப் பையைத் தொட்டு ஃபியூஸ் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போனாள்.

மச்சான் கார்டோடு வந்தார். ஃபியூஸுக்காகக் கையை மட்டும் நீட்டினார். பழைய கார்டைக் கழற்றி, புதியதை மாட்டி, வயர்களை முடுக்கினார். வேலை சுத்தமாக இருந்தது. சிக்னல் பார்க்கும் நேரம் வந்ததும் கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது. அங்கேயே நின்றது. "கீழ போ" என்றார். போய்க் கதவில் கை நீட்டினேன். திறந்தது.

கிளம்பும்போதுதான் பார்த்தேன். பழைய கார்டைப் புதியதன் பெட்டியில் பத்திரமாக வைத்துப் பையில் போட்டுக்கொண்டிருந்தார். அதுவும் எங்கள் ஆட்களின் வழக்கம்தான். வேலை செய்கிற பழைய கார்டை யாரும் எறிவதில்லை. ஞாயிற்றுக்கிழமை ஏதோ ஒரு கட்டடத்தில் கார்டு போனால், கம்பெனி திறக்கும்வரை அதை மாட்டி ஓட்டுவார்கள். பிறகு அது அங்கேயே இருந்துவிடும்.

"அது வேணாம், மச்சான்."

"நல்ல கார்டு. நீதான் போச்சுன்னு ஊரெல்லாம் சொல்லிட்ட, அது பாவம் ஒண்ணும் பண்ணல. அல்சூர் நர்சிங் ஹோமுக்கும் இதே மாடல்தான். அவசரத்துக்கு ஆவும். வண்டில ஏறு."

நர்சிங் ஹோம் என்றதும் எனக்கு அந்த லிஃப்ட் கண்ணில் வந்தது. ஸ்ட்ரெச்சர் போகிற லிஃப்ட். ஒரு கையை எனக்குத் தெரியும், அதை நினைத்துத்தான் இவ்வளவும். அங்கே எத்தனை கைகள் தொங்கும், யார் கை என்று எனக்குத் தெரியவே தெரியாது.

வண்டியில் மச்சான் முன்னால், நான் பின்னால், பை என் மடியில். ஏரிப் பக்கம் சிக்னலில் நின்றோம். முன்னால் தண்ணி லாரி, பக்கத்தில் பஸ். ஜிப்பைத் திறந்து கையை விட்டேன். பெட்டிக்குள் கார்டு இன்னும் லேசாகச் சூடாக இருந்தது போலத் தோன்றியது. வெயிலாக இருக்கும். இரண்டு கையாலும் பிடித்து முட்டியில் வைத்து அழுத்தினேன். அப்பளம் போல உடையும் என்று நினைத்தேன். வளைந்தது, வளைந்துகொண்டே போனது, மூட்டை தூக்கின பலமெல்லாம் கொடுக்க வேண்டியிருந்தது. பிறகு பட்டென்று உடைந்தது.

பஸ் சத்தத்திலும் மச்சானுக்குக் கேட்டுவிட்டது.

"இன்னா சத்தம்?"

"கார்டு."

அவர் திரும்பவில்லை. கண்ணாடியில் என்னைப் பார்த்தார். நானும் அந்தக் கண்ணாடியில்தான் அவரைப் பார்த்தேன். நேராக முடியவில்லை. சிக்னலில் பச்சை விழுந்தது. பின்னால் எல்லோரும் ஹாரன் அடித்தார்கள். ஒருவர் எட்டி வந்து மச்சானின் தோளில் தட்டிக் கன்னடத்தில் ஏதோ கேட்டார்.

"எறங்கு" என்றார் மச்சான்.

இறங்கினேன். பையை நீட்டினேன். வாங்கிக்கொண்டு போய்விட்டார். உடைந்த பாதி ஒன்று என் கையிலேயே இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு நடைபாதையோடு ஜோகுபாளையத்துக்கு நடந்தேன். உள்ளே ஓட்டை விழுந்திருந்ததா இல்லையா என்று இனிமேல் எந்த மீட்டரும் சொல்லாது. அது நல்ல கார்டாகவே இருந்திருக்கலாம். நடக்க நடக்க அந்த நினைப்பும் கூடவே வந்தது.

சாயங்காலம் மனைவி வீட்டுக்கு வந்தாள். அவளே சொன்னாள். "இன்னிக்கி எறக்கினேன். வாசல்லயே கை நழுவிட்ச்சு. கதவு தூரத்துலயே பாத்துட்டுத் தொறந்துட்ச்சு." பிறகு அடுப்பைப் பற்றவைத்துக்கொண்டே, "அண்ணன் போன் பண்ணாரு. உன் புருஷனுக்குப் பைத்தியம் புடிச்சிட்ச்சுன்னாரு. நாளைக்கி எட்டு மணிக்கு ரெடியா இருக்கச் சொன்னாரு" என்றாள்.

எட்டு மணிக்கு வெகு முன்பே தெருமுனையில் போய் நின்றேன். வண்டி வந்தது. பின்னால் ஏறிக்கொண்டேன். பையை மட்டும் மச்சான் என் மடியில் கொடுக்காமல் முன்னால் தன் காலுக்கு நடுவே வைத்துக்கொண்டார். இன்றைக்கும் அங்கேதான் வைக்கிறார்.